அன்ரோனெற்றின் புருசன்

ஒரு மனுசி காலை நீட்டிக் கொஞ்சம் கண்ணயரும் நேரமாகப் பார்த்து வீட்டுக்கு வருவதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள். பிரசாந்தன் அந்த வகை. உயிலங்குளத்தில் இருந்து மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி, மன்னார் ரவுணையும் தாண்டி, உச்சி வெயிலில் பேசாலை வரைக்கும் வந்து, படலையடியில் நின்று கோன் அடித்தார். விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரையில் சாய்ந்திருந்த அன்ரோனெற்றுக்கு எழும்ப மனமில்லை. முழங்கால் இரண்டும் சொன்ன சொல் கேட்காது. சீனி வருத்தத்துக்குப் போடுகிற குளிசை மத்தியானத்தில் ஆளைச் சக்கையாக்கிப் போட்டுவிடும். எழுபதைத் தாண்டிய உடம்பு. வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், மண்டபம் முகாமில் கிடந்து, திரும்பி வந்து, பிறகு மடுப் பக்கம் ஓடி, அங்கிருந்தும் திரும்பி வந்த உடம்பு. இனி எங்கேயும் போகவும் வேண்டாம், ஒருவரும் வரவும் வேண்டாம் என்பதுதான் அவளுடைய ஒரே விருப்பம்.

"வாங்கோ தம்பி. இருங்கோ. மகள் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சுப்போட்டு இன்னும் வரேல்லை, தேத்தண்ணி பிறகுதான்."

"தேத்தண்ணி கிடக்கட்டும் அம்மா. இதைப் பாருங்கோ முதல்ல!"

பிரசாந்தன் தமிழ் வாத்தியார். ரவுணில் ஒரு இலக்கிய வட்டம் வைத்திருக்கிறார். நல்ல பிள்ளை, அதைச் சொல்லத்தான் வேண்டும். கெட்டவனாக இருந்திருந்தால் அன்ரோனெற் நாலு வார்த்தை ஏசி அனுப்பியிருப்பாள், அலுவல் முடிந்திருக்கும். பழைய 'சிரட்டை' இதழ்களில் மன்னார்க்காரர் எழுதியவற்றை எல்லாம் தேடிப் பொறுக்கி ஒரு புத்தகம் போடுகிறேன் என்று போன மாதம் வந்து சொல்லிவிட்டுப் போனவர், இப்போது அட்டையோடு வந்து நிற்கிறார். முன்னட்டையில் ஒரு சிரட்டை பல்லைக் காட்டிச் சிரித்தது. பின்னட்டையில் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு பகிடி. அன்ரோனெற் கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"இது வேண்டாம் தம்பி" என்றாள்.

இந்தச் 'சிரட்டை' என்னவென்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் இருந்து மாதாமாதம் வந்த பகிடிப் புத்தகம். மட்டமான தாள், கையில் பிடித்தால் மை ஒட்டும், படங்கள் சில பக்கங்களில் இரட்டையாகத் தெரியும். ஆனால் அதற்கு இருந்த மவுசு! ரவுணில் அப்துல் ஹமீட் நானாவின் கடையில் கயிற்றில் தொங்கும். பின்னேரத்துக்குள் கயிறு வெறுமையாகிவிடும். மந்திரிமாரை அது உரித்த உரிப்பில், கூட்டத்துக்கு வந்த மந்திரி ஒருவர் 'சிரட்டைக்காரர் யாரும் இருக்கினமோ' என்று கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கினார் என்று ஒரு கதை உண்டு. 'லீவுக் கந்தப்பு' என்று கந்தோர்க் கிளாக்கர் ஒருவர் அதில் படமாக வருவார். தன் செத்த வீட்டுக்கே லீவு கேட்டு விண்ணப்பம் எழுதுவார். 'துருவல்' என்று ஆசிரியர் எழுதும் பக்கம் ஒன்று. அதை வாசித்தால் சிரிப்பு வரும், சிரித்து முடிய, சிரித்தது தன்னைப் பார்த்துத்தானோ என்று ஒரு ஐயமும் வரும். பெரிய மனிதர் என்று வேட்டியை உதறிக்கொண்டு திரிந்தவர்களில் அந்தப் பக்கத்தில் சிராய்ப்பு வாங்காதவர் குறைவு.

நல்லதைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும். அன்ரோனெற் அதை ஒரு இதழ் விடாமல் வாசித்தவள், அவளுக்குச் சொல்ல உரிமை உண்டு. 'சிரட்டை'யில் மன்னாரான் ஒருவன் வந்தால் பக்கத்தில் கட்டாயம் ஒரு கழுதை நிற்கும், மன்னார்த் தெருவெல்லாம் கழுதையாம். பேசாலைக்காரன் வந்தால் பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்துவார்கள், கருவாடாம். மந்திரியையும் முதலாளியையும் அத்தனை விதமாகப் படம் கீறத் தெரிந்த அந்தக் கைக்குப் பெண்சாதி என்றால் மட்டும் ஒரே மனுசிதான் தெரியும்: பருத்த உடம்பு, கொண்டை, கையில் அகப்பை. எல்லாப் பக்கத்திலும் அதே அகப்பை. புருசன்மார் எல்லாரும் அப்பாவிகள். என்ன அநியாயம்! எந்த வீட்டில் ஐயா இப்படி நடக்கிறது? பேசாலையில் அகப்பையால் அடி வாங்கிய ஆம்பிளை ஒருவனை அன்ரோனெற் கண்டதில்லை. புருசன் கையால் அடி வாங்கிய மனுசிமாரை அவளுக்கு நிறையத் தெரியும்.

அந்த அகப்பை மனுசிகளுக்குள்ளே பேர் பெற்றவள் அவள்தான். அதுவும் சொந்தப் பேரோடு.

அவளுடைய மனுசன் அருட்பிரகாசம் மீனவர் சங்கத்தில் கிளாக்கர். வாய் திறந்து நாலு பேருக்கு முன் கதைக்கக் கூச்சப்படுகிற ஆள். பேனையை எடுத்தால் வேறு ஆள். கலியாணம் முடித்த கையோடு 'சிரட்டை'யின் வாசகர் பக்கத்துக்குப் பகிடி எழுதி அனுப்பத் தொடங்கினார். புனைபெயராக அவர் வைத்தது 'அன்ரோனெற்றின் புருசன்'. பகிடி எல்லாம் அவளைப் பற்றித்தான். 'அன்ரோனெற் வைத்த சொதியை நாய்க்கு ஊற்றினேன். அது என்னை இரக்கமாகப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது.' 'புயல் வருகிறது, ஒருவரும் கடலுக்குப் போகவேண்டாம் என்று ரேடியோவில் சொன்னார்கள். அன்ரோனெற் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வள்ளத்தைத் தேடிப் போனேன்.' இப்படி மாதம் ஒன்று, சிலவேளை இரண்டு.

பருத்தித்துறையில் இருந்து மட்டக்களப்பு வரைக்கும் சனம் சிரித்தது. அருட்பிரகாசம் என்று ஒரு ஆள் இருப்பது பேசாலைக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. அன்ரோனெற்றை எல்லாருக்கும் தெரியும். மடுத் திருவிழாவில் முன்பின் தெரியாத மனுசிமார் வந்து, "நீங்களே அந்த அன்ரோனெற்? ஐயோ, மெலிஞ்சு போயெல்லோ இருக்கிறியள்!" என்று தொட்டுப் பார்ப்பார்கள். பிற்காலத்தில் மண்டபம் முகாமில் அரிசிக்கு வரிசையில் நின்றபோதுகூட, பேரைக் கேட்டுவிட்டு ஒருவர் வாய்க்குள் சிரித்தார். அவளுக்குக் கோபம் வரவில்லையா என்றால் வந்ததுதான். ஆனால் அந்த மனுசன் ஒவ்வொரு பகிடியையும் அனுப்ப முதல் அவளுக்கு வாசித்துக் காட்டும். "இஞ்ச, இதைக் கேளும்" என்று அவள் சமைக்கிற நேரம் குசினிக் கதவடியில் வந்து நிற்கும். அவள் சிரித்தால்தான் தபாலுக்குப் போகும். சிரிக்காவிட்டால் கிழித்துப் போடும். அப்படி ஒரு மனுசனோடு எத்தனை நாளைக்குக் கோபமாக இருக்கலாம்?

இனி பின்னட்டைப் பகிடிக்கு வருவோம்.

'அன்ரோனெற் தாலாட்டுப் பாடத் தொடங்கினால் பிள்ளை உடனே கண்ணை மூடிவிடும். நித்திரை வந்து அல்ல. பாட்டு நிற்கட்டும் என்று.'

அதை அருட்பிரகாசம் வாசித்துக் காட்டியபோது அவர்களுடைய முதல் பிள்ளை அவள் மடியில் இருந்தது. தவழத் தொடங்கியிருந்த வயது. கோயில் பாடகர் குழுவில் முன்னுக்கு நின்று பாடியவளைப் பார்த்து இப்படி ஒரு பகிடி! அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் குலுங்கின குலுக்கத்தில் பிள்ளையும் சிரித்தது. தபாலுக்குப் போனது பகிடி. 'சிரட்டை'க்குப் போனால் வெளிவர இரண்டு மூன்று மாதம் ஆகும். குவிந்து கிடக்குமாம், ஆசிரியர் ஆறுதலாகத்தான் பொறுக்குவாராம். அதற்கிடையில் ஒரு காய்ச்சல் வந்தது. வந்த வேகத்தில் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு முதல் நாள் அந்த இதழ் பேசாலைக்கு வந்தது. எந்த மாதம் அனுப்பியது, எந்த மாதம் வந்தது என்பதெல்லாம் வாசிக்கிற சனத்துக்கு என்ன தெரியும்? கடைவாசலில் யாரோ உரத்து வாசித்தார்கள். சிலர் சிரித்தார்கள். பிறகு நினைவு வந்து வாயை மூடினார்கள். பூசைக்குப் பலகாரம் சுட வந்த பொம்பிளைகள் அடுப்படியில் குசுகுசுத்ததை அன்ரோனெற் கேட்டாள். பிள்ளை செத்த சூடு ஆறமுதல் இந்த மனுசன் அதை வைத்தே பகிடி எழுதிவிட்டதே, கல்நெஞ்சு என்றார்கள். அருட்பிரகாசம் வீட்டின் பின்பக்கம் கிணற்றுக்கட்டோடு போய்க் குந்தியிருந்தார். அவள் போய், "அனுப்பினது முந்தியெல்லோ, எனக்குத் தெரியும்" என்றாள். அந்த மனுசன் நிமிரவில்லை.

அதோடு எழுதுவதை விட்டுவிட்டார். அவளும் பாடுவதை விட்டுவிட்டாள். கேட்டால் தொண்டை சரியில்லை என்பாள். ஆனால் 'சிரட்டை' விட்டதா? வாசகர் கேட்கிறார்கள் என்று இரண்டு இதழ் தள்ளி ஒரு பெட்டிச் செய்தி போட்டது: 'அன்ரோனெற்றின் புருசனைக் காணவில்லை. அகப்பை அடியில் அகப்பட்டிருக்கலாம் என்று சந்தேகம். கண்டவர்கள் அறியத் தரவும்.' யாழ்ப்பாணத்தில் இருந்த ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். அவரில் பிழை சொல்ல ஏலாது. அதற்காக வலிக்காமலும் இல்லை.

யுத்தம் வந்தது, பிறகு தாள் இல்லை, பிறகு மின்சாரம் இல்லை, பிறகு துவக்கு வைத்திருந்தவர்களைப் பற்றிப் பகிடி விட ஒருவருக்கும் துணிவில்லை. 'சிரட்டை' நின்றுபோனது. ஹமீட் நானாவையும் மற்ற முஸ்லிம் சனத்தையும் அந்த ஆயுதக்காரர் ஊரைவிட்டு அனுப்பிய காலத்தில் அந்தக் கயிறும் போனது. அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போக, மிச்சப் பேர் கனடா, இந்தியா என்று போனார்கள். அருட்பிரகாசமும் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது அன்ரோனெற்றும், பிறகு பிறந்த மகள் ஜெசிக்காவும். நொவெம்பரில் மரித்தோர் திருநாளுக்கு இரண்டு பேரும் இரண்டு மெழுகுதிரி கொளுத்துவார்கள், மனுசனுக்கு ஒன்று, அந்தப் பிள்ளைக்கு ஒன்று. அந்தப் பகிடியைப் பற்றி ஜெசிக்காவுக்குக்கூட அவள் சொன்னதில்லை.

"ஏனம்மா வேண்டாம்?" பிரசாந்தனின் முகம் சுருங்கிவிட்டது. "ஐயா எழுதினதில இதுதான் மணியான பகிடி. எவ்வளவு சின்னது, எவ்வளவு கூர்! நான் என்ர வகுப்புப் பிள்ளையளுக்கு இதை வைச்சுப் படிப்பிக்கிறனான்."

"மற்றதெல்லாம் போடுங்கோ. நாயைப் போடுங்கோ, வள்ளத்தைப் போடுங்கோ. இதை மட்டும் எடுத்துவிடுங்கோ."

"காரணத்தைச் சொல்லுங்கோவன். நான் வட்டத்தில இருக்கிற ஆக்களுக்கு மறுமொழி சொல்ல வேணுமெல்லே?"

அவள் அட்டையை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவர் அரை மனதோடு போனார். பிரசாந்தன் போனில் முறையிட்டிருக்கவேண்டும், பின்னேரம் ஜெசிக்கா வந்ததும் தாயைப் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா நீங்கள்! அப்பாவுக்கு ஒரு புத்தகம் வருது, அதுக்கும் சண்டையே? போங்கோ, போய்ச் சிரிச்சுக்கொண்டு ஒரு சால்வையை வாங்கிக்கொண்டு வாங்கோ."

சிரித்துக்கொண்டு! வாழ்நாள் முழுக்கச் சனம் அவளிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஒரு கிழமை யோசித்தாள். சொல்லாவிட்டால் பகிடி பின்னட்டையில் பல்லைக் காட்டிக்கொண்டு கடை கடையாகத் தொங்கும். எடுக்கவேண்டும் என்றால் வாயைத் திறக்கவேண்டும். வேறு வழி இல்லை. ஒருநாள் காலை முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, பஸ் ஏறி, நின்றபடியே ரவுணுக்குப் போய், பிரசாந்தன் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி வாங்கில் அவரை இருத்தி, எல்லாவற்றையும் சொன்னாள். மடியில் இருந்த பிள்ளை சிரித்ததையும் சொன்னாள். சொல்லி முடிந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. அத்தனை வருசம் தூக்கி வைத்திருந்ததை இறக்கி வைத்தால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை, களைப்புத்தான் கூடியது.

பிரசாந்தன் அழுதேவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அவளுடைய கையைப் பிடித்து, "அம்மா, எனக்கு இது தெரியாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இனி நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் யோசிக்காமல் வீட்ட போங்கோ" என்றார்.

"பின்னட்டையில வராதெல்லே?"

"பின்னட்டையில வராது அம்மா. சத்தியமா."

சத்தியத்தைக் காப்பாற்றினார். பின்னட்டையில் வரவில்லை.

வெளியீட்டு விழா ஒரு ஞாயிறு பின்னேரம் ரவுணில் ஒரு மண்டபத்தில் நடந்தது. 'சிரட்டை' உயிரோடு இருந்து அந்த விழாவைப் பார்த்திருந்தால் ஒரு வருசத்துக்குப் பக்கம் நிரப்பியிருக்கும். குத்துவிளக்கை ஏற்ற வந்த பிரமுகரிடம் நெருப்புப்பெட்டி இல்லை. இரண்டு நிமிடம் பேச வந்தவர் தமிழின் தொன்மையில் தொடங்கி அரை மணித்தியாலம் கழித்தும் சங்க காலத்தைத் தாண்டவில்லை. நகைச்சுவையைப் பற்றிப் பேசியவர்கள் ஒருவராவது சிரித்தபாடில்லை. முன்வரிசையில் ஜெசிக்காவோடு இருந்த அன்ரோனெற்றுக்கு அருட்பிரகாசம் பக்கத்தில் இருந்து காதுக்குள் ஏதாவது சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஆசையாக இருந்தது. மனுசன் இல்லையே என்று அன்றைக்கு உண்மையாகவே கவலைப்பட்டாள்.

புத்தகத்தைக் கையில் தந்தார்கள். பின்னட்டையைத்தான் முதலில் திருப்பினாள். நாய்ப் பகிடி இருந்தது. "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னாள். அந்த நேரம் பிரசாந்தன் மைக்குக்கு முன் வந்தார்.

"இந்த நூலின் முதல் கட்டுரையை நான் எப்படி எழுதினேன் என்று சொல்லவேண்டும்" என்று தொடங்கினார். மேடைக்கு ஏறினால் அவருக்கு வேறு தமிழ் வரும். "ஒவ்வொரு சிரிப்புக்கும் பின்னால் ஒரு கண்ணீர் இருக்கிறது. இந்த மண்ணின் மிகச் சிறந்த பகிடிக்குப் பின்னால் ஒரு சின்னஞ்சிறு சவப்பெட்டி இருக்கிறது. அந்தத் தாய் இன்று எங்கள் முன்னால் அமர்ந்திருக்கிறார்."

அன்ரோனெற் முன்பக்கத்தைத் திறந்தாள். முதல் பக்கத்திலேயே அந்தப் பகிடி கட்டம் போட்டு இருந்தது. அதன் கீழே மடி, சிரித்த பிள்ளை, காய்ச்சல், அடுப்படிக் குசுகுசுப்பு, கிணற்றுக்கட்டு, எல்லாம். ஒன்று விடவில்லை. வேப்பமரத்தடியில் அவள் மூச்சு வாங்கியதைக்கூட எழுதியிருந்தார். அழகாகத்தான் எழுதியிருந்தார்.

மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. ஜெசிக்கா புத்தகத்தைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். "அம்மா, இது… எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றாள். அதற்கிடையில் இரண்டு பேர் வந்து அன்ரோனெற்றைப் பிடித்து எழுப்பி மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சால்வை போட்டார்கள். முன்பின் தெரியாத மனுசிமார் கையைத் தொட்டார்கள். மடுத் திருவிழாவில் தொட்ட மாதிரியேதான், இந்தமுறை அழுதுகொண்டு. அதுதான் வித்தியாசம்.

"அம்மா" என்றார் பிரசாந்தன், கண் கலங்கி, மைக்கை அவள் பக்கம் நீட்டி. "கட்டுரையில் ஒரு குறை இருக்கிறது. அன்றைக்கு நான் கேட்க மறந்துவிட்டேன். அந்தப் பிள்ளையின் பெயர் என்ன? சொல்லுங்கள். அடுத்த பதிப்பில் நூலையே அந்தப் பெயருக்குச் சமர்ப்பணம் செய்வோம்."

சபை முழுக்க அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தது. கீழே முன்வரிசையில் ஜெசிக்கா அந்தப் பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள். அன்ரோனெற் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஜெசிக்கா வாயை மூடிக்கொண்டாள்.

"தம்பி" என்றாள் அன்ரோனெற். மைக் கரகரத்தது. "என்ர பேரை அந்த நாளையில எடுத்து ஊருக்கெல்லாம் குடுத்தாச்சு. அது என்ர மனுசன், நானும் சேந்து சிரிச்சனான், அது போகட்டும். பகிடியை எடுத்துவிடுங்கோ எண்டு உங்களிட்டக் கேட்டன். கேட்டதையும் சேத்து எழுதிப்போட்டியள். முந்திச் சிரிச்சினம், இப்ப அழுகினம், எல்லாத்துக்கும் நான் வேணும். பிள்ளையின்ர பேரைத் தரமாட்டன். அது எங்கட வீட்டில இருக்கட்டும்."

பின்வரிசையில் யாரோ ஒருவர் கைதட்டினார். அதைக் கேட்டு இன்னும் இருவர். பிறகு மண்டபமே எழும்பி நின்று தட்டியது. எல்லாரையும்விடக் கூடத் தட்டியவர் பிரசாந்தன். கண்ணீர் ஓட ஓட, பக்கத்தில் நின்றவரிடம், "எப்பிடிச் சொன்னா பாத்தியளோ! இதையும் சேக்க வேணும்" என்றார்.

அன்ரோனெற் சால்வையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, கைதட்டல் முடியமுதலே படியால் இறங்கினாள். ஜெசிக்கா ஓடி வந்து கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் பஸ் ஸ்ராண்டுக்கு நடந்தார்கள். முழங்கால் இழுத்தது.

பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. பேசாலைச் சனம்தான் கூடுதல், மீன்பெட்டியும் சாமானுமாக. பஸ் வெளிக்கிட்ட பிறகு ஜெசிக்கா தாயின் காதோடு வாயை வைத்து, வேறு ஒருவருக்கும் கேட்காமல், அந்தப் பேரைச் சொன்னாள்.

"ஓம்" என்றாள் அன்ரோனெற்.